மேஸ்திரி சொன்னால் சரி

காப்பி வேண்டாம் ஐயா. தப்பாக நினைக்காதீர்கள். வெளியில் யார் கொடுத்தாலும் நான் குடிப்பதில்லை, ரொம்ப வருஷப் பழக்கம். ஒருவர் வீட்டில் கை நனைத்துவிட்டு, அவருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் நடுவில் உட்கார்ந்து நியாயம் சொல்ல முடியாது அல்லவா.

என் பெயர் துரைசாமி. மாதனூருக்கு இந்தப் பக்கம், பாலாற்றங்கரையில் இருக்கிற ரஷீத் அஹமது சாயபுவின் தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரி. வெள்ளைக்காரன் போன வருஷம் அந்த வேலைக்கு வந்தேன். தோல் ஊறுவதையும் பதமாவதையும் பார்த்துக்கொள்ளத்தான் எனக்குச் சம்பளம். நியாயம் சொல்வது அதில் சேராது. அது தானாக வந்தது. வேலையாட்கள் குடியிருக்கும் லைனில் புருஷன் பெண்டாட்டி சண்டையோ, கிணற்றடிச் சண்டையோ, முதலில் என் வீட்டு வாசலுக்குத்தான் வரும். கோயிலுக்குப் போகிறவர்களும் வருவார்கள், சர்ச்சுக்குப் போகிறவர்களும் வருவார்கள். நான் ஒரு வார்த்தை சொன்னால் அத்தோடு முடிந்தது. எங்கள் லைனிலிருந்து உங்கள் ஸ்டேஷன் படி ஏறிய முதல் ஆள் நான்தான் என்று நினைக்கிறேன்.

முதலாளி ஒருமுறை கேட்டார். "துரைசாமி, எங்களுக்கு குர்ஆன் இருக்குது. சர்க்காருக்குச் சட்டம் இருக்குது. உனக்கு இன்னா இருக்குது? யார் குடுத்தாங்க உனக்கு இந்த அதிகாரம்?"

"நான் சொன்னா ஒத்துக்கறாங்க முதலாளி, அவ்ளோதான்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அந்தக் கேள்வி மனசை விட்டுப் போகவில்லை. எது சரி, எது தப்பு என்று எங்கிருந்தோ ஒருவன் தெரிந்துகொண்டு வந்து சொல்ல வேண்டும். அந்த ஒருவனை நாலு பேர் நம்ப வேண்டும். அந்த நம்பிக்கை போனால் சரியும் இல்லை, தப்பும் இல்லை, கை ஓங்கியவன் சொன்னதுதான். இப்படித்தான் எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன். இதில் தப்பு இருப்பதாக இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் லைன் அமிர்தவள்ளியின் மகள் பூரணி சுண்ணாம்புக் குழியில் விழுந்து செத்தது போன மழைக்காலத்தில். மயிர் கழிவதற்காகத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போடும் குழி அது. வேலை முடிந்ததும் பலகைகளைப் போட்டு மூடிவிட வேண்டும். மூடாமல் கிடந்திருக்கிறது. குழந்தையை எடுத்தபோது அமிர்தவள்ளியைப் பார்க்க விடாமல் நாங்கள் சுற்றி நின்றுகொண்டோம்.

அது பச்சையப்பன் வேலை செய்கிற குழி. லைன் முழுக்கக் கூடி நின்றது.

"மேஸ்திரி, சத்தியமா சொல்றேன், பலகைய போட்டு மூடிட்டுத்தான் வூட்டுக்குப் போனேன்" என்றான்.

"அப்ப யார் தொறந்தது?"

"எனக்கு இன்னா தெரியும்?"

யாரும் அவனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்கள். அமிர்தவள்ளியும் என்னைத்தான் பார்த்தாள். அவளுக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது. யாருமே செய்யாத ஒன்றுக்கு ஒரு தாய் எப்படி அழுவாள்? குழி உன்னுடையது, பலகை உன் பொறுப்பு, பாவமும் உன்னுடையது என்றேன். முதலாளி அவனை வேலையை விட்டு நிறுத்தச் சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். வேலை செய்யட்டும், சாப்பிடட்டும், ஆனால் லைனில் யாரும் அவனோடு பேசக் கூடாது, நெருப்புக்கூடக் கொடுக்கக் கூடாது என்றேன். அதை இரக்கம் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

மாசி கடைசியில் கலவை ஊரிலிருந்து, தோல் பதனிடும் ஆவாரம்பட்டை ஏற்றிக்கொண்டு ஜான் பாஷாவின் வண்டி வந்தது. மழைக்காலத்துக்குப் பிறகு அப்போதுதான் வருகிறான். வெளியூர்க்காரன் ஆனதால் பச்சையப்பனிடம் பேசிக்கொண்டிருந்திருக்கிறான். மறுநாள் பச்சையப்பன் பட்டைக் கிடங்கில் என்னைத் தேடி வந்தான். ஆள் பாதியாக இளைத்திருந்தான். கோபமாகப் பேசவில்லை. ஏதோ நல்ல சேதி கொண்டுவந்தவன் மாதிரி பேசினான்.

"மேஸ்திரி, அன்னிக்கு சாயந்திரம் நான் போனப்புறம் நீங்க எங்குழிகிட்ட நின்னு தோல் பாத்துனு இருந்தீங்களாம். பலகைய எடுத்துப் பக்கத்துல வெச்சிருந்தீங்களாம். பட்டை வண்டி வந்துச்சின்னு பாஷா கூப்ட்டதும் அப்டியே எழுந்து போய்ட்டீங்களாம். மறந்து போச்சி போல உங்களுக்கு."

"இருக்கும்" என்றேன்.

"எல்லாருக்கும் மறதி வர்றதுதான் மேஸ்திரி. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். அது நான் இல்லன்னு அவங்க முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிடுங்க. எம் பொண்டாட்டி கூட மூஞ்சி குடுத்துப் பேசறதில்ல."

சொல்கிறேன் என்றேன். கிணறு தூர் வாரும் வேலை முடிந்ததும் எல்லாரும் கூடுவார்கள், அன்று சொல்கிறேன் என்றேன். அவன் என் காலைத் தொடப் போனான். நான் விலகிக்கொண்டேன்.

மறதி என்று அவன்தான் சொன்னான். ஏட்டையா அதை அப்படியே எழுதிக்கொண்டிருந்தால் கொஞ்சம் திருத்திக்கொள்ளட்டும். மறக்கவில்லை. அன்று நியாயம் சொல்ல நின்றபோது என் விரல் நுனியெல்லாம் சுண்ணாம்பு பட்டு வெந்திருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் பேசினேன். நான்தான் என்று அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் நானே தப்புச் செய்தவன் என்றால் அதற்குமுன் நான் சொன்ன நியாயங்கள் எல்லாம் என்னவாகும்? என் பேச்சைக் கேட்டுச் சேர்ந்து வாழ்கிற குடும்பங்கள் எத்தனை. ஒரு ஆளுக்காக அதையெல்லாம் கலைப்பது சரியாகப் படவில்லை.

தூர் வாருகிற அன்று பச்சையப்பனோடு சேர்ந்து வேலை செய்ய யாரும் வரவில்லை. கயிற்றை நான் பிடிக்கிறேன் என்றேன். மேஸ்திரிக்கு என்ன மனசு என்று பேசிக்கொண்டார்கள். உச்சி வெயிலில் மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். அவன் சேறெல்லாம் அள்ளி முடித்துவிட்டு மேலே ஏறினான். அந்தக் கிணற்றில் பாதி வரை கல் இடுக்கில் கால் வைத்து வரலாம். அதற்குமேல் வழுவழுவென்று சுண்ணாம்புப் பூச்சு, கயிறு ஒன்றுதான் பிடி. அந்த இடத்துக்கு வந்ததும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். உடம்பெல்லாம் சேறு. சிரித்தான்.

"சாயந்திரம் சொல்லிடுவீங்கல்ல மேஸ்திரி?"

"சொல்லிடறேன்" என்றேன்.

நான் அவனைத் தள்ளவில்லை ஐயா. பிடித்திருந்ததைத் தளர்த்தினேன். கயிறு என் கையில் ஓடியது. நுனி வந்ததும் மறுபடி இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கீழே தண்ணீர் இல்லை, பாறைதான். உடனே உயிர் போகவில்லை. ஐயோ என்றோ அம்மா என்றோ அவன் கத்தியிருக்கலாம். மேஸ்திரி என்றுதான் கூப்பிட்டான். நான் வந்து தூக்கிவிடுவேன் என்று நினைத்திருக்கிறான். சத்தம் நிற்கும் வரை கிணற்றடியில் நின்றேன். பிறகுதான் ஆட்களைக் கூப்பிட்டேன்.

வந்தவர்கள் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். பலகையை மூடாமல் போனது நான்தான் என்று பச்சையப்பனே சொல்லிவிட்டுக் கையை விட்டுவிட்டான் என்றேன். அவன் கையை விட்டிருந்தால் கயிறு ஏன் என் கையில் ஓடித் தோலை உரிக்க வேண்டும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. என் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்து, காப்பாற்றப் பார்த்திருக்கிறார் என்று அழுதார்கள். செத்தவனைத் தள்ளி வைக்க வேண்டாம் என்று நானே சொன்னேன். நல்லபடியாக எடுத்து அடக்கம் செய்தார்கள். அமிர்தவள்ளி அவன் காலடியில் உட்கார்ந்து, உன்னை மன்னிச்சிட்டேன் என்று அழுதாள். லைனில் அப்படி ஒரு அமைதியை நான் பார்த்ததில்லை.

அடுத்த நடையில் ஜான் பாஷா வந்தான். என்னிடம் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். "அன்னிக்கு நான் வேற குழிய பாத்துட்டு உளறிட்டேன் போல மேஸ்திரி. அந்த ஆளே ஒத்துக்கினான்னு நீங்க சொல்றப்ப, எங்கண்ணுதான் தப்பு" என்றான். தன் கண்ணால் பார்த்ததை, என் பேச்சைக் கேட்டு, அழித்துவிட்டான். அன்றுதான் எனக்குப் பயம் வந்தது. அதற்குப் பிறகு யாராவது மேஸ்திரி என்று கூப்பிட்டால் கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுகிற மாதிரியே கேட்கிறது. ஷாப்பில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் கூப்பிடுவார்கள், பாருங்கள்.

நேற்று சுந்தரி வந்தாள். பச்சையப்பன் பெண்டாட்டி. வாசலில் நின்றாள், உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"கடைசி வரைக்கும் எங்கிட்ட இல்லன்னுதான் சொன்னாரு. உங்ககிட்ட மட்டும் உண்மைய சொல்லிட்டாரு. நான் இன்னா பொண்டாட்டி மேஸ்திரி?" என்றாள். பிறகு சொன்னாள்: "கெணத்துல எறங்கன அன்னிக்கு அவருக்கு நான் சோறு போடல. கொழந்தய கொன்ன கைக்கு சோறு இன்னாத்துக்குன்னு கேட்டேன். அது பாவமா மேஸ்திரி? நீங்க சொன்னா சரி."

எது பாவம், எது புண்ணியம் என்று என்னிடம் கேட்கிறாள். வேறு யாரிடமும் கேட்கத் தெரியாதவள். நான் வாயைத் திறந்தேன். "உம்மேல தப்பு இல்லம்மா" என்றேன். அவள் முகம் தெளிந்துவிட்டது. கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. விடிந்ததும் இங்கே நடந்து வந்துவிட்டேன். பூரணி செத்ததற்கும் நான் காரணம், பச்சையப்பனைக் கொன்றதும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள். தூக்கு என்றாலும் சரி.

ஒரு வேண்டுகோள் மட்டும். வாசலில் லைன் ஆட்கள் நிற்கிறார்கள், சுந்தரியும் நிற்கிறாள். நான் சரணடைய வந்தது தெரிந்து, யாரோ செய்ததை மேஸ்திரி தன் தலையில் போட்டுக்கொள்கிறார் என்று பேசிக்கொள்வது இங்கே கேட்கிறது. என்னைப் பின்பக்கமாகவே வேலூருக்குக் கொண்டுபோய்விடுங்கள். இதை அவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டாம். என் பேருக்காகச் சொல்லவில்லை. நியாயம் என்று ஒன்று இருப்பதாக அவர்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள், அதை ஏன் கெடுக்க வேண்டும்.

பச்சையப்பனைத்தான் எல்லாரும் மன்னித்துவிட்டார்களே.