வேப்பமரத்துக் குழாயைக் கழற்றலாமா?

பெருந்தன்மை மிக்க தலைவர் உலகநாதனார் அவர்களே, பூவிருந்தவல்லி ரேடியோ சங்கத்துப் பெரியோர்களே, பாரிவாக்கத்திலிருந்தும் காட்டுப்பாக்கத்திலிருந்தும் கால் கடுக்க வந்திருக்கும் கனவான்களே, குழந்தைகளை மடியிலும் தூக்கத்தைக் கண்ணிலும் தாங்கி அமர்ந்திருக்கும் தாய்மார்களே, கோதண்டத்தின் களைத்த வணக்கம்.

முழங்கிப் பேச எனக்கு இன்று தெம்பில்லை. பாட்டுப் பிளேட்டு மாற்றி, பாட்டரி மாற்றி, ஏணியில் ஏறி இறங்கி இந்த உடம்பு ஓய்ந்துவிட்டது. ஆயினும் தீர்மானத்தை ஆதரித்துப் பேசு என்றார் தலைவர். வந்தேன்.

என்ன தீர்மானம்? பாடுகிறவரின் குரலோடு முகமும் தெரிகிற டெலிவிஷன் லண்டன் மாநகரில் வந்துவிட்டதாம். அதை நமக்கும் தருவிப்பதாகப் பட்டணத்து ஆசாமி ஒருவர் சொல்லிப் போனார். பெட்டி வரவில்லை, அதற்குள் அதற்கான தகரக் கொட்டகை வந்துவிட்டது. நம் ஒலிபெருக்கிப் பாட்டுக் குழாயை வேப்பமரத்திலிருந்து கழற்றிக் கொட்டகைக்குள் மாட்ட வேண்டுமாம். உள்ளே வருகிறவர்களுக்கு மட்டுமே இனிப் பாட்டாம்.

பின்வரிசையில் யாரது, தம்பி லோகநாதனா? "படம் எப்போ காட்டுவே அண்ணாத்தே" என்கிறாயா? எனக்கும் ஆசைதானப்பா. உட்கார்.

மாலைத் தொழுகை முடிந்து அடுப்பு அணைந்ததும், குழாயை மேற்குத் தெருப்பக்கம் திருப்பி வைப்பது நம் வழக்கம். ஏன்? அந்தத் தெருவில் திரைமறைவில் வாழும் கோஷாப் பெண்கள் வீட்டுக்குள்ளிருந்தே கேட்கட்டும் என்றுதானே? நேற்று சாதுல்லா சாயபு வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மனைவி வஹீதுன்னிசா திரைக்குப் பின்னிருந்து கேட்டார்: "பாட்டு எங்க ஊட்டுக்கே வந்துகினு இருந்துச்சு. ஆம்பளைங்க கூட்டத்துல நாங்க வந்து குந்த முடியுமா? எங்களுக்கு இனிமே இன்னா கீது அண்ணாத்தே?"

வெட்கத்தோடு வந்துவிட்டேன்.

படம் வரட்டும், பாரெல்லாம் பார்க்கட்டும். ஆனால் குழாயைத் திருப்பலாம். படத்தைத் திருப்பிச் சுவர் தாண்டி அனுப்ப முடியுமா? வராத பெட்டிக்காக வந்துகொண்டிருக்கும் பாட்டை நிறுத்துவதா முன்னேற்றம்? ஆதரிக்க அழைத்தீர்கள், நான் எதிர்க்கிறேன்.

இன்னும் ஒன்று. வழக்கப்படி குழாய் இப்போது மேற்கே பார்த்திருக்கிறது. நான் பேசியதெல்லாம் அந்தத் தெருவில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. கழற்றலாம் என்பவர்கள் கை தூக்க வேண்டாம். இந்த மைக்கின் முன்னால் வந்து, அவர்கள் காதுபடச் சொல்லுங்கள்.

இடத்தை விடுகிறேன். பொறுத்துக் கேட்ட அனைவருக்கும், சுவருக்கு அப்பால் கேட்டவர்களுக்கும் நன்றி, வணக்கம்.