சங்கம் கண்டித்தது

ஓடுகிறோம். ரப்பர் மரங்களுக்கு நடுவே. அம்மா முன்னால். அவள் சேலை முனையைப் பிடித்தபடி நான். பின்னால் அக்கா அன்னம். கடல் பக்கம் பீரங்கி. முதலில் விசில் சத்தம். பிறகு ஒன்றுமே இல்லை. பிறகுதான் மண் அதிர்கிறது.

"கானுக்குள்ள எறங்குங்க! படு! தலையத் தூக்காத!"

அப்பாவின் குரல். மழைத் தண்ணீர் ஓட வெட்டிய கான் அது. சேற்றில் குப்புறப் படுக்கிறோம். ரப்பர் கிளைகள் முறிந்து முதுகில் விழுகின்றன.

1942, சனவரி முதல் வாரம். ஜப்பான்காரன் படகில் வருகிறான். வெள்ளைக்காரன் கரையிலிருந்து சுடுகிறான். நடுவில் எங்கள் தோட்டம். துரை முன்பே காரில் போய்விட்டார். பின் சீட்டில் அவருடைய நாய். எங்களிடம் ஒரு வார்த்தை இல்லை.

சத்தம் நின்றது. அன்னம் எழுந்தாள். எங்கள் லயத்து வரிசை வீட்டில் அரிசிப் பானை இருந்தது. இனி அரிசி கிடைக்காது என்று எல்லாருக்கும் தெரியும்.

"அன்னம்! போவாத! திரும்புடி!"

அம்மா கத்தினாள். அவள் திரும்பவில்லை. மறுபடியும் விசில்.

எந்தப் பக்கத்துக் குண்டு என்று இன்றுவரை தெரியாது.

எனக்கு இப்போது தொண்ணூற்றாறு வயது. பெயர் பாக்கியம். கோலசிலாங்கூரில் மகள் வீட்டில் இருக்கிறேன். தொலைக்காட்சியில் ஏதோ ஒரு ஊர் எரிகிறது. பெரிய மண்டபத்தில் கோட்டுப் போட்டவர்கள் கவலை தெரிவிக்கிறார்கள். கவலை. அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு வயிறு எரிகிறது. அதனால்தான் சொல்கிறேன்.

அன்னத்தைக் கொன்ற குண்டு அன்றைக்குக் கிளம்பியதல்ல. வெகு முன்பே கிளம்பிவிட்டது. அது கிளம்பியதை நாங்கள் ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஆபீஸ் கணக்கு எழுதும் எங்கள் கிராணி ஆங்கிலப் பத்திரிகை படிப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் தமிழில் சொல்வார். பால்மரம் சீவும் ஆட்கள் கூடுவார்கள். அப்பா முதல் படியில். மடியில் நான். ஆறு வயதிருக்கும். அந்த வருடம் இத்தாலிக்காரன் அபிசீனியாவுக்குள் நுழைந்திருந்தான். ஆகாயத்திலிருந்து விஷப்புகை போட்டான். ஜெனீவாவில் உலக நாடுகள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தன. இனி சண்டையே வராமல் பார்த்துக்கொள்ள.

"சங்கம் என்னங்கய்யா செஞ்சிச்சு?" அப்பா கேட்டார்.

"கண்டிச்சிருக்கு. அவனுக்கு சாமான் விக்கக்கூடாதுன்னு தடை போட்டிருக்கு."

"லோரிக்கு ஊத்துற எண்ணெய்?"

கிராணி பத்திரிகையைப் பார்த்தார். "எண்ணெயை மட்டும் நிறுத்தல."

"கள்ளுக்கடைய தொறந்து வெச்சுக்கிட்டு, குடிக்காதடான்னு சொல்றாங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சீனக் கடைக்காரர் ஆ செங் சிரிக்கவில்லை. எங்கள் தோட்டத்து முனையில் மளிகைக்கடை வைத்திருந்தவர். தமிழ் பேசுவார். அவர் தேசத்தில் மஞ்சூரியாவை ஜப்பான்காரன் ஏற்கெனவே பிடித்திருந்தான்.

"எங்களுக்கும் கண்டிச்சான் லா," என்றார் ஆ செங். "வெளிய போன்னு சொன்னான். ஜப்பான் போச்சு. மஞ்சூரியாவ விட்டு இல்ல. சங்கத்த விட்டு."

யாரும் சிரிக்கவில்லை.

பிறகு ஹிட்லர் பெயர் வந்தது. ஒவ்வொரு ஞாயிறும் ஒரு புது ஊரின் பெயர். இதைக் கொடுத்துவிட்டால் அடங்கிவிடுவான் என்று கொடுத்தார்கள். சீனாவின் பெரிய ஊர்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஆ செங் கடையில் ஒரு தகரடப்பா வைத்தார். சீனாவில் வீடிழந்தவர்களுக்காக என்று அதன்மேல் சீனத்தில் எழுதி. அப்பாவும் சில்லறை போட்டிருக்கிறார்.

ரப்பர் விலை ஏறியது. தோட்டத்தில் பேர் கொடுக்க வந்தவர்களுக்கெல்லாம் வேலை கிடைத்தது. "எவன் லோரி எந்த ஊருக்குள்ள பூந்தாலும் சக்கரம் நம்ம பாலுதான்," என்றார் அப்பா. அதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

அன்னத்தைப் புதைத்த மாதமே ஜப்பான் சிப்பாய்கள் ஆ செங்கைத் தேடி வந்தார்கள். பட்டப்பகல். கடையைக் கவிழ்த்தார்கள். தகரடப்பா கிடைத்தது. அதில் எழுதியிருந்ததை ஒருவன் உரக்கப் படித்தான். கைகளைப் பின்னால் கட்டினார்கள். எங்கள் லயத்தைத் தாண்டித்தான் கூட்டிப்போனார்கள். அவர் எங்களைப் பார்க்கவில்லை. பார்த்தால் எங்களுக்கும் ஆபத்து என்று அவருக்குத் தெரியும். ஆற்றுப்பக்கம் சத்தம் கேட்டது. இரண்டு முறை.

அடுத்த வருடம் லோரி வந்தது. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டு நேரம். சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும். வீட்டுக்கு ஓர் ஆண். கிராணி மொழிபெயர்த்தார். பக்கத்தில் துப்பாக்கி.

"மூணு மாசந்தான். திரும்பிக் கொண்டாந்து விட்டுருவாங்களாம்."

அப்பா லோரியில் ஏறினார். அம்மா சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று மாரில் அடித்துக்கொண்டாள். அப்பா குனிந்து கிராணியிடம் சொன்னார்:

"ஐயா, சங்கத்துக்கு எழுதிப் போடுங்க. சின்னசாமியப் புடிச்சிக்கிட்டுப் போறாங்க, கொஞ்சம் கண்டிக்கச் சொல்லுங்க."

லோரி கிளம்பியது. நான் அதன் பின்னால் ஓடினேன். வேலை வாங்கும் மண்டோர் என்னைப் பிடித்து நிறுத்தினார்.

போர் முடிந்தது. சபாக் பக்கத்துத் தோட்டத்து ஆள் ஒருவர் சயாமிலிருந்து திரும்பினார். காலில் புண்ணாகி எலும்பு தெரிந்தது. அப்பாவுக்கு வாந்திபேதி என்றார். மழைக்காலம் என்றார். குழியில் நிறையப் பேரை ஒன்றாகப் போட்டார்கள் என்றார். எந்த நாள் என்று அவருக்குத் தெரியவில்லை.

சில நாள் கழித்துக் கிராணி லயத்துக்கு வந்தார். கையில் பத்திரிகை. அம்மா மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள்.

"புதுசா ஒரு சங்கம் ஆரம்பிச்சிருக்காங்கம்மா. இனிமே சண்ட வராதாம்."

அம்மா அரைத்துக்கொண்டே சொன்னாள்:

"எம் புருசனக் கொண்டாந்து விடுவாங்களான்னு கேளுங்க."

அவர் பத்திரிகையை மடித்துக்கொண்டு போனார். அதன்பின் அவர் படித்து நாங்கள் கேட்டதில்லை.

இழந்தவர்களைச் சொல்கிறேன். அக்கா அன்னம், பதினாறு வயது. அம்மா சேலையில் சுற்றிப் புதைத்தோம். அந்த இடத்தில் இப்போது செம்பனைத் தோட்டம். ஆ செங். உடல் கிடைக்கவில்லை. அப்பா சின்னசாமி. தெவசம் கொடுக்கத் திதி கிடையாது.

எங்கள் லயத்தில் பத்து வீடுகள். போர் முடிந்தபோது ஏழு வீட்டில் ஆண் இல்லை.