நாலரை குண்டு, அஞ்சரை சம்மந்தி

...அதத்தான் தம்பி நானும் சொல்றேன், இந்த ஊர்ல ஒருத்தனுக்கும் குறி பாத்து எச்சில் துப்பத் தெரியாது, ஆனா குண்டப் பத்தி மட்டும் ஆளாளுக்கு பாடம் நடத்துவானுங்க. வா, உள்ள வா. இஞ்சினை அணைச்சிட்டு வா. எவ்ளோ நேரம் வாசல்ல உறுமிக்கிட்டே நிக்கும் உன் வண்டி?

எம் பொண்ணுதானே, சிநேகிதன்னு உன்ன அனுப்பிச்சா? "பதினோரு மணிக்கு பதிவு ஆபீஸ்ல கையெழுத்து, எங்கப்பாவ எப்படியாவது தூக்கிப்போட்டுக் கொண்டாந்துரு"ன்னு சொல்லியிருப்பா. ஒர்னெல்லாவ எனக்குத் தெரியாதா. வரலேன்னு நேத்தே சொல்லிட்டேன் தம்பி. அவ கல்யாணம் நல்லா நடக்கட்டும். வந்ததுக்கு ஒரு வாய் மாத்தே எலக் கஷாயம் குடிச்சிட்டுப் போ. கசக்குதா? கசக்கும். கோர்தோபா பட்டணத்துக்காரங்களுக்கு சக்கரையக் கொட்டுனாத்தான் எறங்கும்.

என்ன மேசையவே பாக்குற? ரெண்டும் ஏர்கன்தான். இது என்னோடது, நாலரை. அது அஞ்சரை. துப்பாக்கிக் கடைக்காரி நெலிதாகிட்ட, பாத்துட்டுத் தர்றேன்னு சொல்லி வாங்கியாந்தேன். மணி இல்லப்பா, குண்டோட அளவு. மில்லிமீட்டர்.

அட, உனக்கும் வாங்கணுமா? மாமனாரோட சூரியகாந்திய கிளி திங்குதா? அப்பிடின்னா சரியான ஆள்கிட்டதான் வந்திருக்க. உக்காரு. கடிகாரத்தப் பாக்காத, அது ஓடத்தான் செய்யும்.

கேட்டுக்க. நாலரை லேசு. வேகமாப் போகும், நேராப் போகும். கிளிக்கு, புறாவுக்கு அது போதும். அஞ்சரை கனம். மெதுவாப் போகும், போற வழியில தல சாயும், ஆனா போய் விழுந்துச்சுன்னா அடி பலமா இருக்கும். எங்க சம்மந்தி தெல்மோ மாதிரி. எந்த விருந்துக்கும் லேட்டாத்தான் வருவாரு, வந்து உக்காந்தா மேசை ஒரு ஆட்டம் ஆடும்.

அப்பறம் டப்பா மேல போட்டிருக்கற படத்தப் பாத்து மயங்காத. கூர்த் தல குண்டுன்னு ஒண்ணு விப்பானுங்க, பாக்க ராக்கெட் மாதிரி இருக்கும், போறதும் ராக்கெட் மாதிரி எங்கயோ போகும். உருண்ட தலதான் சொன்ன எடத்துக்குப் போகும். அதுலயும் எந்தக் கம்பெனிதுன்னு நான் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு கொழலுக்கும் ஒவ்வொண்ணு புடிக்கும். ரெண்டு மூணு வாங்கி சுட்டுப் பாத்துத்தான் கண்டுபுடிக்கணும். இதச் சொன்னா எவன் கேக்கறான்? பக்கத்து வீட்டுக்காரன் எதப் போடுறானோ அதையே வாங்கிப் போட்டுட்டு துப்பாக்கிய திட்டுவானுங்க.

சரி, முயலுக்கு? அங்கதான் தம்பி வெனையே.

எங்க பக்கத்துல கல்யாணச் சாப்பாடுன்னா மொதத் தட்டு பொண்ணோட அப்பன் சுட்ட முயல்தான். வினிகரும் எண்ணெயும் ஊத்தி, கேரட்டு, வெங்காயம், பிரிஞ்சி எல போட்டு வேகவெச்சு, ஜாடியில ஊறப்போடணும். கடையில வாங்கின முயல வெக்கலாமான்னு கேட்டா... வெக்கலாம். கோழியக்கூட வெக்கலாம். வெச்சிட்டு அதுக்கப்பறம் ஊருக்குள்ள நடமாடணுமில்ல?

அதுக்குத்தான் போன வாரம் தெல்மோவோட குதிரைமசால் வயலுக்குப் போனோம். சாயங்காலம். நான், அவரு, மாப்பிள்ளைப் பையன், எம் பொண்ணு. அவரு என் துப்பாக்கியப் பாத்தாரு. பாத்துட்டு, "நாலரையா? முயலுக்கு கிச்சுக்கிச்சு மூட்டப் போறீங்களா சம்மந்தி?"ன்னாரு. சரி, காட்டுறேன்னு மரக்கேட்டு மேல துப்பாக்கிய நல்லா அழுத்தி வெச்சேன். தோள்ல இறுக்குனேன். மூச்ச அடக்குனேன். சுட்டேன்.

முயல் காதத் தூக்கிப் பாத்துச்சு. பாத்துட்டு திரும்ப மேய ஆரம்பிச்சிருச்சு. ஓடக்கூட இல்ல தம்பி. ஒரு மரியாதைக்காவது ஓடலாம்ல? மறுபடி சுட்டேன். மறுபடி மேயுது. அப்பதான் தெல்மோ பக்கத்துல வந்து, நின்ன வாக்குல, ஏதோ தட்டு தூக்கற மாதிரி அவரு அஞ்சரையத் தூக்கி ஒண்ணு வெச்சாரு. சுருண்டுருச்சு.

அதோட விட்டாரா? "சம்மந்தி, முயல நான் பாத்துக்கறேன், நீங்க மேசைக்கு துணி விரிங்க"ன்னாரு. மாப்பிள்ளைப் பையன் சிரிச்சான். சிரிக்கட்டும், அவரு ரத்தம்தானே அவன். எம் பொண்ணும் சிரிச்சா தம்பி. அதான் வலிச்சுது.

வர்ற வழியில அவ சொல்றா, "அப்பா, குண்டு மேல தப்பில்ல, நீ இறுக்கிப் புடிக்கிற"ன்னு. அவ பல் டாக்டரு. பல்லு புடுங்குறவளுக்கு துப்பாக்கிப் புடியப் பத்தி என்ன தெரியும்னு கேட்டேன். அந்த முயல்ல குண்ட எடுக்காம விட்டிருந்தா, கடிச்சவன் பல்லு ஒடைஞ்சு, இன்னிக்கு மத்தியானம் கல்யாண டிரெஸ்ஸோடவே அவளுக்கு வேலை இருக்கும், வேணா பாரு.

நான் சொல்லிட்டேன். நாலரையிலயும் முயல் விழும்னு தெல்மோ எல்லார் முன்னாடியும் சொல்லணும், அப்பதான் வருவேன்னு. அதுக்கு அவரு என்ன சொல்லி அனுப்புனாரு தெரியுமா? "முயல் சொல்லட்டும்"னு.

இரு, இரு, ஃபோன எடுக்காத. அவதான் கூப்புடுவா. விடு, அடிச்சு ஓயட்டும். உனக்கு துப்பாக்கி வாங்கணுமா வேணாமா?

காலைல எங்க வீட்டம்மா என்னை திட்டித் தீத்துட்டு பொண்ணு கூடப் போனதும், ரெண்டையும் எடுத்துக்கிட்டு இந்தக் கொட்டகைக்கு வந்துட்டேன். அந்தா, சுவத்துல ஆணியடிச்சிருக்கே, ஜாம் டப்பா மூடி, அதுதான் குறி. மொதல்ல நாலரைய பெஞ்சில அழுத்தி வெச்சு சுட்டேன். எடது பக்கமா செவுத்துல. நாலரை நொண்டின்னே வெச்சுக்குவோம்னு அஞ்சரைய எடுத்தேன். அதுவும் அதே எடது பக்கம். கனம் வேற, வேகம் வேற, போய் அடிக்கற செங்கல் மட்டும் ஒண்ணு.

அப்பறம்... அப்பறம் என்ன. சும்மா, வேற வேல இல்லாம, பெஞ்சில அழுத்தாம உள்ளங்கையில சும்மா ஏந்தி வெச்சு சுட்டுப் பாத்தேன். இது ஸ்பிரிங் துப்பாக்கி தம்பி. விசைய இழுத்ததும் உள்ள ஸ்பிரிங் அடிச்சு, குண்டு வெளிய போறதுக்குள்ள துப்பாக்கியே ஒரு துள்ளு துள்ளும். அத துள்ள விடணும். கேட்டு மேல அழுத்துனா, தோள்ல இறுக்குனா, குண்டு ஒதுங்கிப் போயிரும். போ, மூடியப் போய் பாரு. நடுவுல இருக்கற ஓட்டை நாலரை. அத ஒட்டிக்கிட்டு இருக்கறது அஞ்சரை.

ஆமா. அவ சொன்னதேதான். சிரிச்சியன்னா மாத்தேய புடுங்கிருவேன்.

அப்ப ஏன் போகலன்னு பாக்குற. அதான் தம்பி கஷ்டம். நேத்து வரைக்கும் கோவம் இருந்துச்சு, கோவத்த வெச்சுக்கிட்டு எங்க வேணா உக்காந்துக்கலாம். இப்ப அதுவும் இல்ல. எந்த மூஞ்சியோட அங்க போய் நிக்கறது? பொண்ணுகிட்ட, நீ சொன்னது சரிதான்னு சொல்லிருவேன். பக்கத்துல தெல்மோ நிப்பாரே. சிரிக்கக்கூட மாட்டாரு, புருவத்த மட்டும் தூக்குவாரு. அந்தப் புருவத்த நீ பாத்ததில்ல.

என்ன சத்தம் அது?

ஹார்னா... ஹார்ன்தான். ஒண்ணு இல்ல, வரிசையா வருது. அந்த கனமான ஹார்ன் தெல்மோவோட தானிய லாரி. சதுக்கத்த சுத்துறாங்க.

முடிஞ்சிருச்சு. கையெழுத்து போட்டுட்டா.

எனக்கு இருக்கற ஒரே பிள்ள அவதான் தம்பி. அவ கையெழுத்து போடறப்ப நான் இங்க உக்காந்து உனக்கு குண்டு கத சொல்லிக்கிட்டிருக்கேன். நீயாவது ரெண்டு தடவ சட்டையப் புடிச்சு இழுத்திருக்கலாம்ல? இல்ல, நீ என்ன பண்ணுவ. நீ பேச நான் எங்க விட்டேன்.

எங்க எந்திரிக்கிற? சாவிய வைய்யி. இல்ல, எடு, எடு. சாப்பாட்டுக்காவது போவோம். தெல்மோ சுட்ட முயல நான் தின்னுதான் ஆகணும், தின்னுட்டு நல்லாருக்குன்னும் சொல்லணும். கதவு ஆணியில கோட்டு தொங்குது பாரு, அதக் குடு. இந்த டை கட்டத் தெரியுமா உனக்கு? எனக்குத் தெரியாது. எப்பவும் எம் பொண்ணுதான் கட்டிவிடுவா.