ஸ்டூடியோ கோட்டு

திருப்போரூரிலிருந்து செங்கல்பட்டுக்குப் போகும் காலை பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு இளைஞர்கள், கையில் ஹால் டிக்கெட்டோடு. அரசாங்கத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் வேலைக்குத் தேர்வாம். அந்தச் சித்திரை வெயிலிலும் ஜன்னலோரம் இருந்தவன் கறுப்புக் கோட்டு போட்டிருந்தான். கழுத்தில் வியர்வை இறங்கிக்கொண்டிருந்தது.

"இன்னாடா இது, பொண்ணு பாக்கவா போற?" என்றான் மற்றவன்.

"போட்டோவுல கோட்டோட கீறேன் மச்சான். இது இல்லாம போயி, ஆளு வேறன்னு வெளிய அனுப்பிட்டா? மூணு வருஷமா அப்ளிகேஷன் போட்டுகினு கீறேன். இப்பதான் ஹால் டிக்கெட்டே வந்துகீது."

"ஏதுடா கோட்டு?"

"போட்டோ எடுத்த ஸ்டூடியோக்காரருது. காலைல அவரு வூட்டுக்கே போயி எழுப்பி வாங்கினு வந்தேன்."

"பேனா, ஆதாரு எடுத்தாரணும்னுதான் போட்டுகீது. கோட்டு எங்க போட்டுகீது?"

"போட்டோவுல கீற மாதிரி ஆளு இருக்கணும்னும் போட்டுகீது. கீழ படி."

"அது மூஞ்சிடா."

"மூஞ்சிய அவரு கம்ப்யூட்டர்ல செவப்பாக்கி வச்சிகீறாரு. அந்த போட்டோவுல என்னை மாதிரி கீறது கோட்டு ஒண்ணுதான்."

பக்கத்து சீட்டில் கைடு புரட்டிக்கொண்டிருந்த பெண் இவர்கள் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, எனக்கு மத்தியானம்தான் எக்ஸாம். எழுதி முடிச்சதும் கேட்டாண்டயே நில்லுங்க."

தன் ஹால் டிக்கெட்டைத் திருப்பிக் காட்டினாள். அதே கோட்டு, அதே சிவப்பு.