சாந்தோம் வீட்டு வேலைப் பலகை

தேயிலைப் பெட்டியின் மூடி நல்ல பலகை. எளிதில் வளையாது, விலையும் இல்லை. மளிகைக்கடை குலாம் ரசூல் பாய் அடுப்பெரிக்கப் போடுவதைக் கேட்டால் கொடுத்துவிடுவார். யுத்தத்தில் காகிதம் அகப்படாமல் போன சமயம், வீட்டு வேலைகளை எழுதி ஒட்ட வழியில்லாமல் அப்படியொரு மூடியை வாங்கி வந்தேன். அடுப்புக்கரியைக் கோவை இலையோடு அரைத்துப் பூசினேன். நான் வேலை பார்த்த பள்ளியில் கரும்பலகைக்கு அப்படித்தான் செய்வோம். பக்கத்து வீட்டு வெள்ளைத்துரை படகுக்கு அடித்து மிஞ்சிய வெள்ளைப் பெயிண்டில் கட்டங்களும் பெயர்களும் போட்டேன். வேலையை மட்டும் சாக்பீஸ் துண்டால் எழுதி, முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். எத்தனை வருஷமானாலும் அதே பலகை போதும்.

பெயர்கள் மூன்று. மர்சலின் நான். என் தம்பி விக்டர், அவன் மனைவி ஃப்ளோரா. அம்மா இறந்தபின் விக்டரை வளர்த்தவள் நான். அதனால் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. மாலை ஜெபமாலை முடிந்ததும் மறுநாள் வேலைகளை எழுதுவேன். விக்டர் அதைப் படித்துவிட்டுத்தான் எழுந்திருப்பான்.

ஃப்ளோரா சைதாப்பேட்டைக்காரி. வந்த வாரமே பலகையைப் பார்த்துச் சிரித்தாள்.

“இன்னாக்கா இது, வீடா இஸ்கோலா? மணி அடிச்சாதான் வெளில வுடுவீங்களா?”

விக்டரும் சேர்ந்து சிரித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையிலிருந்து திரும்பியபோது, என் பெயருக்கு எதிரே, ‘இன்னிக்கு அக்கா சும்மா குந்திக்கினு இருக்கணும்’ என்று அவள் எழுதி வைத்திருந்தாள். சமையலும் முடித்திருந்தாள். நான் அதைத் துடைத்தேன். கோபம் ஒன்றும் இல்லை.

பிறகு அவள் தாய்வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் இரண்டு அறை பார்த்துவிட்டார்கள். மழைக்காலம் முடிந்ததும் குடிபோவதாக விக்டர் தரையைப் பார்த்தபடி சொன்னான். “ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்துடுவோம்க்கா” என்றாள் அவள். வாரத்தில் மற்ற நாட்களும் இருக்கின்றன என்று அவளுக்குத் தோன்றவில்லை.

குடிபோகுமுன் ஃப்ளோராவுக்கு டைபாய்டு கண்டது. நன்றாகவே பார்த்துக்கொண்டேன். பார்லித் தண்ணீர் காய்ச்சினேன், துணி மாற்றினேன், பள்ளிக்கு லீவு போட்டேன். ஜுரம் இறங்கியது. லஸ் பக்கமிருந்து டாக்டர் வந்தபோது விக்டர் ஆபீசில் இருந்தான்.

“பிழைச்சிட்டா. ஆனா குடல் இன்னும் புண்ணா இருக்கு. நான் சொல்றவரைக்கும் ஒரு பருக்கை சோறு கூடாது. பசியில கெஞ்சுவா, கேக்காதீங்க” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

கெஞ்சத்தான் செய்தாள். “ஒரு வாய் சோறு போடுக்கா. பக்கத்து வூட்டுக் கருவாட்டு வாசனைலயே உசுரு போயிடும் போலக்கீது.”

அன்று மாலை ஜெபமாலை முடிந்ததும் விக்டரின் கட்டத்தில், ‘ஃப்ளோராவுக்குச் சோறு’ என்று எழுதினேன். அவன் இரண்டு தரம் படித்தான்.

“சோறு குடுக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாராக்கா?”

“ரெண்டே கரண்டி. நல்லாக் குழைய வடிச்சு. அதுக்கு மேல கூடாதுன்னார்.”

அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். அவள் கேட்டு அவன் எதையும் இல்லை என்று சொன்னதில்லை. இரண்டு கரண்டியோடு அவனால் நிறுத்த முடியாது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் அளவு சொன்னேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் ரேஷன் அரிசியை அவனே கல் பொறுக்கி வடித்தான். கருவாட்டுக் குழம்பு ஊற்றிப் பிசைந்து ஊட்டினான். “இன்னும் ஒரு பிடி, மகராசா” என்று அவள் சிரித்தது அடுக்களைவரை கேட்டது. பலகையைத் துடைத்துத் துணியைப் பிழிந்து காயப்போட்டேன்.

சாயங்காலம் வயிற்றுவலி கண்டது. விடிந்தபோது வயிறு கல்லாக இறுகியிருந்தது. டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, சோறு கொடுத்தது யார் என்றார். விக்டர் தலையைக் குனிந்துகொண்டான். “நான்தான் சார். அவ கேட்டா. அளவு தெரியாம குடுத்துட்டேன்.” டாக்டர் அவனைத் திட்டினார். நான் வெந்நீர் வைக்க உள்ளே போனேன். அன்றே அவள் போய்விட்டாள்.

சைதாப்பேட்டை வீட்டை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். விக்டர் என்னோடு இருந்தான். எழுதிய வேலையை எல்லாம் செய்தான். சோறு மட்டும் தொடவில்லை. என்ன சொல்லியும் கேட்கவில்லை. யுத்தம் முடிந்த மறுவருஷம் காசநோயில் அவனும் போனான்.

ஜெபமாலை முடிந்ததும் பல நாள் கேட்பான்: “என்னாலதானேக்கா?”

“வுடுடா. வேணும்னா செஞ்சே?” என்பேன்.

எழுதியது நான். டாக்டர் சொல்லாததைச் சொன்னதாகச் சொன்னவளும் நான். தெரிந்துதான் செய்தேன். அதை மறைக்கவில்லை. ஆனால் அவளுக்கு ஊட்டியது விக்டருடைய கை. இருந்தும், கடைசிவரை அதற்காக அவனை நான் ஒரு வார்த்தை கடிந்துகொண்டதில்லை.