கண்ணீர் வராத பாட்டு

இலக்கியா: அந்த ஒயர என் காதுலேர்ந்து மொதல்ல புடுங்குடா. அரியலூர்ல ஏறுனதுலேர்ந்து ஒரே ஒப்பாரி.

பிரசாத்: ஒப்பாரி இல்லக்கா... ஃபீல் சாங்.

இலக்கியா: எதுவுமே தோணல, எதுவுமே வேணாங்கிறான். அதுக்குப் பேரு ஃபீலா?

பிரசாத்: மனசு மரத்துப்போச்சுன்னு பாடுறான். ஒனக்கு ரசனை இல்ல.

இலக்கியா: எனக்குக் கூடத்தான் இந்த சீட்டுல காலு மரத்துப்போச்சு. பாட்டா எழுதுறேன்? காலையில எட்டு இட்லி. ஒம்பதாவதுக்குச் சட்னி இல்லன்னு அம்மாகிட்ட சண்ட. இவருக்கு மரத்துப்போன மனசாம்!

பிரசாத்: மெதுவாப் பேசுக்கா. பஸ்ஸே பாக்குது.

கண்டக்டர்: டிக்கெட், டிக்கெட்... தம்பி, எங்க போவணும்?

பிரசாத்: பெரம்பலூர் ரெண்டுண்ணே.

இலக்கியா: அண்ணே, என் தம்பிக்கு வாழ்க்கையே ஒரே எடத்துல நின்னுடுச்சாம். அவனுக்கு டிக்கெட் வேணுமா?

கண்டக்டர்: சிமெண்ட் லாரிக்குப் பின்னாடி என் பஸ்ஸே காமணி நேரமா நின்னுதாம்மா கெடக்கு. நான் என்ன பாட்டா பாடுறேன்? சில்லறையா குடுங்க.

இலக்கியா: கேட்டுக்க.

பிரசாத்: சிரிச்சு முடிச்சாச்சா? இன்னிக்கு ஸ்டுடியோவுல பாடப் போறேன்ல, அதக் கேளு. அப்புறமாத் திட்டு.

இலக்கியா: நீ எழுதுனதா?

பிரசாத்: ...ம்.

இலக்கியா: தொணைக்கு வான்னு கெஞ்சுனது இதுக்குத்தானா? சரி, பாடித் தொல.

பிரசாத்: "அப்பன் கெடந்த வாசலிலே... வந்தவருக்கு டீ கொடுத்தேன்... அழுவ மட்டும் தோணாம... சக்கர போதுமான்னு கேட்டேன்..."

இலக்கியா: அந்த ஜன்னலச் சாத்து, தூசி வருது.

பிரசாத்: எப்புடி இருக்கு?

இலக்கியா: கேவலமா இருக்கு. அவ என்ன டீக்கடையா வச்சிருந்தா?

பிரசாத்: அவளா? பாடுறது நானு. 'அவன்'னுல்ல சொல்லணும்?

இலக்கியா: வாய் தவறிடுச்சு.

பிரசாத்: இன்னும் ரெண்டு வரி இருக்கு. "கல்லு போல நிக்கிறான்னு... பெரியம்மா சொல்லக் கேட்டேன்..."

இலக்கியா: நிறுத்து. என் தையல் நோட்ட எடுத்தியா?

பிரசாத்: பீரோ மேல கெடந்துச்சுக்கா. பின்பக்கம் சும்மா பொரட்டுனேன்...

இலக்கியா: அடுத்தவ எழுதுனதத் திருடுறவனுக்குப் பாட்டுக்காரன்னு பேரு. வெக்கமா இல்ல?

பிரசாத்: ஐப்பசியில அப்பா போனாரு. நீ ஒரு சொட்டு அழல. கல்நெஞ்சுக்காரின்னு சித்தப்பாகிட்ட நானே சொன்னேன். அதப் படிச்சப்புறம்...

இலக்கியா: படிச்சப்புறம் டியூன் போட்டுட்ட.

பிரசாத்: ஒன்னப் பேச வைக்கத்தான் போட்டேன். நீ எல்லாரையும் நக்கல் பண்ற, ஒன்னப் பத்தி மட்டும் வாயத் தொறக்க மாட்டேங்குற. நான் இந்தப் பாட்டெல்லாம் கேக்குறதே... ஒனக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கத்தான்.

இலக்கியா: தெரிஞ்சுதா?

பிரசாத்: இல்ல.

இலக்கியா: தெரியாது. காசுக்குப் பாடி அழுவறவனுவகிட்ட கேட்டா எப்புடித் தெரியும்?

பிரசாத்: அக்கா... ஸ்டுடியோவெல்லாம் ஒண்ணும் இல்ல.

இலக்கியா: அது எனக்குக் குன்னம் ஊரு தாண்டும்போதே தெரியும். ஒன் தொண்டைக்கு எவன் ஸ்டுடியோ தொறப்பான்?

பிரசாத்: பெரம்பலூர் பாலக்கரைகிட்ட ஒரு டாக்டரம்மா இருக்காங்க. மனசுக்குப் பாக்குறவங்க. பதினோரு மணிக்கு ஒன் பேருல சொல்லி வச்சிருக்கேன். கோவப்படாத. வூட்டுல யாருக்கும் தெரியாது. புடிக்கலன்னா அடுத்த பஸ்ஸுல திரும்பிடலாம்.

இலக்கியா: மாடிப்படி ஏறுனா பச்சக் கதவு. அவங்கதானே?

பிரசாத்: ...ஒனக்கு எப்புடி...

இலக்கியா: வியாழக்கிழமையானா தையல் கிளாஸுன்னு எங்கடா போறேன்? தோணுறத எழுதுன்னு சொன்னதே அவங்கதான். ரெண்டு மாசம் லேட்டுடா நீ... போன வாரந்தான் அவங்க முன்னாடி ஒக்காந்து அப்பாவுக்கு அழுதேன். முக்காமணி நேரம்.