புதன்கிழமை மதியம் வீட்டுக்காரர் வருகிறார்

எனக்கு வயது பதினைந்து. பத்தாம் வகுப்பு படிக்கிறேன். வயது குறைவு என்பதால் என் பெயரும் முகவரியும் தனித்தாளில் எழுதி உறையிலிட்டு ஒட்டப்பட்டிருக்கின்றன. அதே காரணத்தால் என் தோழிகளையும் பட்டப்பெயர்களால் குறிப்பிடும்படி பெண் காவல் அதிகாரி சொன்னார். என் அப்பா பேருந்து ஓட்டுநர். அம்மா இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறார். நான் இதை எழுதும்போது பக்கத்தில் அமர்ந்திருக்கிறார். முதலில் நான் சொல்லச் சொல்ல அதிகாரிதான் எழுதினார். முதல் பத்தியிலேயே இரண்டு ஒற்றுப்பிழைகளை நான் காட்டியதும், "நீயே எழுதிடும்மா, எனக்கும் கை வலிக்குது" என்று தாளை என் பக்கம் தள்ளிவிட்டார். ஆகவே இது என் கையெழுத்தில் இருக்கிறது.

நாங்கள் மூன்று பேர். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்காருகிறோம். ஓயாமல் பேசுகிறவள் குருவி. ரொட்டிக் கடைக்காரரின் மகள் பன்னு. மற்றவர்கள் எழுதியதைத் திருத்துவதால் எனக்கு எடிட்டர் என்று பெயர். சென்ற ஆண்டு எங்கள் மூவருக்குமாகக் கைப்பேசியில் ஒரு குழு தொடங்கினேன். அதன் பெயர் சில்லறைச் செய்திகள். தினமும் மாலை ஆறிலிருந்து ஏழுக்குள் ஒவ்வொருவரும் அன்று நடந்த ஒரு சின்ன விஷயத்தைச் செய்தியாக எழுதிப் போட வேண்டும். யார், என்ன, எங்கே, எப்போது என்ற நான்கும் இருக்க வேண்டும். குறை இருந்தால் நான் சொல்வேன். எழுதியவர் பழையதை எல்லோருக்கும் அழித்துவிட்டுத் திருத்தியதைப் போட வேண்டும். முதலில் எழுதியதை நீலத்திலும் திருத்தியதைச் சிவப்பிலும் ஒரு நோட்டில் நான் பதிந்து வைப்பேன். கணக்கு ஆசிரியை இரண்டு கால்களிலும் வெவ்வேறு செருப்பு போட்டு வந்தார் என்று பன்னு ஒருநாள் எழுதினாள். எங்கே என்று கேட்டேன். "நிலாவுல" என்று பதில் வந்தது. அதையும் பதிந்திருக்கிறேன்.

நான்கு மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குருவியும் அவள் அம்மாவும் அவள் அப்பாவை விட்டு வேறு பகுதிக்குப் போய்விட்டார்கள். அதற்கு முந்தைய வாரம் குருவியின் அம்மா கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு பள்ளிக்கு வந்து அவளைப் பாதி வகுப்பில் அழைத்துப் போனதை நான் பார்த்தேன். குருவியின் அப்பா கைப்பேசி பழுது பார்ப்பவர். அவளுடைய கைப்பேசி கண்ணாடி மாற்றுவதற்காக அவர் கடையில் கிடந்ததால் அதை எடுக்காமலே கிளம்பிவிட்டார்கள். அதன் பிறகு குருவிக்குப் புது எண் கிடைத்ததும் அதைக் குழுவில் சேர்த்தேன். அன்று அவள் என்னிடம், "பழைய நம்பரைத் தூக்கிடு எடிட்டர்" என்று சொன்னாள். சரி என்றேன். தூக்கவில்லை. தூக்கினால் "எடிட்டர் குருவியை நீக்கினார்" என்று குழுவில் ஒரு வரி விழும். அப்படி ஒரு வாக்கியத்துக்கு எழுவாயாக இருக்க எனக்கு விருப்பமில்லை. பரீட்சையும் இருந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். குழுவுக்கு நான் மட்டுமே நிர்வாகி. ஆகவே அதை வேறு யாரும் செய்திருக்க முடியாது.

அதன் பிறகு குருவி புது வீட்டிலிருந்து செய்தி எழுதத் தொடங்கினாள். முதல் செய்தி, தட்டுகள் ஆடின என்று மட்டும் இருந்தது. எங்கே, ஏன் ஆடின என்று கேட்டேன். கீழே சலவைக் கடை, அதன் இயந்திரம் ஓடினால் மாடியில் தட்டுகள் ஆடுகின்றன என்றாள். எந்தச் சலவைக் கடை என்று கேட்டேன். "அதெல்லாம் வேணாம்டி, அம்மா திட்டுவாங்க" என்றாள். தெருப் பெயர் வேண்டாம், வாசகர் மனத்தில் ஓர் இடம் தோன்றினால் போதும் என்று நான் எழுதினேன். வாசகர் என்று நான் சொன்னது பன்னுவை. சிறிது நேரம் கழித்துக் குருவி, கண் மருத்துவமனைக்குப் பின்னால் உள்ள சலவைக் கடையின் மாடியில் தட்டுகள் ஆடின என்று திருத்திப் போட்டாள். செய்தி முழுமை பெற்றது என்று நான் பாராட்டினேன்.

குழுவில் எல்லோரும் படித்தால்தான் செய்தியின் கீழே உள்ள குறி நீலமாகும். பழைய எண் அணைந்து கிடந்ததால் எங்கள் குறிகள் இரண்டு மாதமாகச் சாம்பல் நிறத்திலேயே இருந்தன. அதன் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அவை எல்லாம் ஒன்றாக நீலமாயின. அழுத்திப் பார்த்தேன். "குருவி பழையது, படித்தது மாலை 6.40" என்று காட்டியது. கைப்பேசி அவளுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது போலும் என்று நினைத்தேன். அவளிடம் கேட்கவில்லை. "நம் பத்திரிகைக்கு வாசகர் ஒருவர் கூடியிருக்கிறார்" என்று மட்டும் குழுவில் எழுதினேன். நான் என்னவோ தமாஷ் செய்கிறேன் என்று குருவி சிரிப்புப் படம் ஒன்று அனுப்பினாள். பன்னுவும் அனுப்பினாள். அந்த நான்காவது எண்ணும் இரண்டு நிமிடத்தில் படித்தது.

அதன் பிறகு சென்ற திங்கட்கிழமை குருவி, குழாய் ஒழுகுது, ஓனர் வந்து பாக்கறேன்னிருக்கார் என்று அவசரமாக ஒரு வரி போட்டாள். செய்திக்குப் பேச்சுநடை ஆகாது என்றும், எப்போது என்பது இல்லை என்றும், ஓனர் என்பது ஆங்கிலம் என்றும் அவளைப் போனில் கூப்பிட்டு மூன்று குறைகளைச் சொன்னேன். வீட்டு உரிமையாளர் என்று எழுதலாமா என்று கேட்டாள். அது பத்திரப் பதிவு மாதிரி இருக்கிறது, வீட்டுக்காரர் என்பதுதான் மக்கள் வாயில் வாழும் சொல் என்றேன். அவள் மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்காமல் பழையதை அழித்துவிட்டு, புதன்கிழமை மதியம் வீட்டுக்காரர் வருகிறார் என்று போட்டாள். குழாயை விட்டுவிட்டாள். நானும் குழாயைக் கேட்கவில்லை. வரி எனக்கு அழகாகப் பட்டது. நோட்டில் சிவப்பில் எழுதிப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டேன்.

புதன்கிழமை நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. சலவைக் கடைக்கார அம்மாவும் குருவியும் சொன்னதை எழுதுகிறேன். குருவியின் அம்மா கண் மருத்துவமனையில் நோயாளிச் சீட்டு எழுதுபவர். புதன்கிழமை அவருக்கு விடுமுறை. தெரியாதவர் யார் வந்தாலும் மாடிக்கு அனுப்பக் கூடாது என்று சலவைக் கடையில் சொல்லி வைத்திருந்தார். வீட்டு உரிமையாளர் குழாய் பார்க்க வருவார் என்றும் சொல்லியிருந்தார். இரண்டு மணிக்கு ஒருவர் வந்து, மாடியில் இருப்பவரின் வீட்டுக்காரர் என்று தன்னைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். சலவைக் கடைக்கார அம்மா அங்கே வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது, உரிமையாளரைப் பார்த்ததில்லை. தானே படியேறி அவரைக் கூட்டிப்போய்க் கதவைத் தட்டி, "அக்கா, வீட்டுக்காரர் வந்திருக்கார்" என்று குரல் கொடுத்திருக்கிறார். குருவியின் அம்மா, "வரச் சொல்லுங்க" என்று உள்ளிருந்து சொல்லிக் கதவைத் திறந்திருக்கிறார். சலவைக் கடைக்கார அம்மா கீழே போய்விட்டார். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்ததால் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

குருவி நான்கரை மணிக்குப் பள்ளியிலிருந்து போனாள். அவள் அம்மா கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார். அவர் எழுதுவது இடது கையால். அந்தக் கை மணிக்கட்டுக்குக் கீழே வேறு பக்கம் திரும்பியிருந்தது. வலது கையால் குருவியின் தலைப்பின்னலைப் பிடித்துக்கொண்டு, ஸ்கூல்ல என்ன நடந்தது என்று கேட்டாராம். உள்ளே தட்டுகள் எல்லாம் தரையில் கிடந்தன. இன்னும் மூன்று மாதம் அந்தக் கையால் எழுத முடியாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமை குருவி என்னைக் கூப்பிட்டாள். தன் அப்பா காவல் நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு, நான் ஒன்றும் அத்துமீறி நுழையவில்லை, மகளே என்னை வரச் சொல்லித்தான் எழுதியிருக்கிறாள் என்று கைப்பேசியைக் காட்டுகிறார் என்றாள். புதன்கிழமை மதியம் வீட்டுக்காரர் வருகிறார் என்ற வரி அதில் இருக்கிறது. அதற்கு முந்தைய வரி அழிக்கப்பட்டுவிட்டது. "அவர் வீட்டுக்காரர்தானேம்மா, பொய் சொல்லலையேன்னு ஒரு போலீஸ்காரர் கேக்கறார்டி" என்று சொல்லிவிட்டு, இந்த வரி அப்பாவிடம் எப்படிப் போனது என்று கேட்டாள். பன்னு மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. குருவியின் அப்பா அவர்கள் கடையில்தான் தினமும் ரொட்டி வாங்குவார். குருவியிடம் அதைச் சொன்னதோடு நிற்காமல், பன்னுவையும் கூப்பிட்டுக் கேட்டேன். அவள், "ஆமாண்டி. எங்க கடையில ஒரு ரொட்டி வாங்கினா ஒரு அட்ரஸ் இலவசம். நீ எதையும் பாத்துப் பாத்துத்தானே எழுதுவே, இதையும் எழுதிக்கோ" என்றாள். குழுவை விட்டு வெளியேறினாள்.

சனிக்கிழமை காலை, பன்னுதான் என்று நிரூபிப்பதற்காக நான் போட்ட ஒவ்வொரு செய்தியையும் அழுத்தி, யார் யார் எப்போது படித்தார்கள் என்று நோட்டில் எழுதினேன். நாற்பத்தொரு செய்திகளை எழுதினேன். எல்லாவற்றிலும் "குருவி பழையது" இருந்தது. பன்னுவிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அவள் இன்னும் படிக்கவில்லை. அதன் பிறகு குருவியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள், "தூக்கிடுன்னு சொன்னேனேடி" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். பின்னால் சலவை இயந்திரத்தின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நான்தான் இணைப்பைத் துண்டித்தேன்.

அன்று மாலையே என் அம்மாவிடம் சொன்னேன். இன்று திங்கட்கிழமை காலை அம்மா வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு என்னை இங்கே அழைத்து வந்தார். நோட்டை ஒப்படைத்திருக்கிறேன். அதன் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஓனர் என்று நீலத்திலும் வீட்டுக்காரர் என்று சிவப்பிலும் இருக்கிறது. குருவி எழுதியது வீட்டின் உரிமையாளரைப் பற்றி. அவள் அப்பாவைப் பற்றி அல்ல. அவரை யாரும் அழைக்கவில்லை. சொல்லை மாற்றியது நான்.

எழுதி முடித்ததும் அதிகாரி தாளை வாங்கிப் படித்துவிட்டு, கீழே தன் கையால் ஒரு வரி சேர்த்தார். பழைய எண்ணை நீக்காதது சிறுமி அறியாமல் செய்த பிழை என்று அந்த வரி இருந்தது. அதை எடுத்துவிடும்படி கேட்டேன். "உன் நல்லதுக்குத்தாம்மா எழுதறேன். நாளைக்குக் கோர்ட்டுல அந்தாளோட வக்கீல் உன்னைக் குடைவாரு" என்றார். அம்மா என் முழங்கையைப் பிடித்து, "மேடம் சொல்றாங்கல்ல. பேசாம கையெழுத்துப் போடு" என்றார். அந்த ஒரு வரி பொய் என்று தெரிந்தால் நோட்டையும் நம்பமாட்டார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா கையை எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். அதன் பிறகு அந்த வரியின் மேல் ஒரு கோடு இழுத்தேன். குருவி நீக்கச் சொன்னாள். எனக்குத் தெரியும். நான் நீக்கவில்லை.

மேலே உள்ள நான்கு பக்கங்களையும் யாரும் சொல்லிக்கொடுக்காமல், வற்புறுத்தாமல் நானே எழுதினேன். திரும்பப் படித்துப் பார்த்தேன். கோடு இழுத்த வரி ஒன்றைத் தவிர மற்றவை அனைத்தும் நான் அறிந்தவரை உண்மை.

(சிறுமியின் கையொப்பம்)
(உடனிருந்த தாயின் கையொப்பம்)

என் முன்னிலையில் எழுதப்பட்டது. அடித்தல்: ஒன்று. திருத்தல்: இல்லை.
(பெண் அதிகாரியின் கையொப்பம்)